ஆர்கனில் இல்லாத குழாய்

பிப்ரவரி 2

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. அதனால் போடவில்லை.

இன்று ஒருவர் பழுதான கிளாரினெட் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் ஆடாமல் இருக்க ஒரு காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தார். பிரித்துப் பார்த்தால் உன் முகம். உங்கள் நகர மண்டபத்துக் கச்சேரி விளம்பரம். 'முதன்முறையாக, சாக்ஸபோனும் பைப் ஆர்கனும் ஒரே மேடையில். மார்ச் 20, ஞாயிறு, பகல் பதினோரு மணி.' உன் பக்கத்தில் ஒரு பெண், கையில் தங்க நிறச் சாக்ஸபோன். நீ கழுத்தில் பட்டி கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். நீ சிரித்து எடுத்த படம் நம் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

முதன்முறையாகவா?

பதினோரு வருடம், மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் நீ கீழே ஆர்கன் முன்னால் உட்கார்ந்து வாசித்தாய். அப்போது மேலே, ஆர்கனின் காற்றுக் குழாய்களுக்கு நடுவே, சுருதி பார்க்கிறவர் நடக்கும் ஒன்றரை அடிப் பலகையில், தலையில் துணி கட்டிக்கொண்டு நின்று சாக்ஸபோன் ஊதியது யார்? பேயா?

உன் பக்கத்தில் நின்று ஊதினால் என் ஒலி முந்திக்கொள்ளும், குழாய்களின் ஒலி பிந்தி வரும், ஒட்டாது. அதைக் கண்டுபிடித்தவள் நான். மேலே போய் நின்றால் இரண்டும் ஒன்றாக இறங்கும் என்று சொன்னவளும் நான். யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பழுது பார்க்க வந்த சாக்ஸபோன்களைச் சோதித்துச் சோதித்தே வாசிக்கக் கற்றவள் நான். கீழே இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாதே என்று கேட்டபோதெல்லாம், "அடுத்த மாசம் நோட்டீஸ்ல உன் பேரையும் போட்டுடறேன்க்கா" என்றாய். நூற்று முப்பது அடுத்த மாதங்கள் போயின.

கடைசி ஞாயிறு நினைவிருக்கிறதா? மண்டபத்து மேலாளரின் மனைவி உன்னிடம் வந்து, "ஆர்கன்ல தனியா ஒரு குழாய் வச்சிருக்கீங்களாமே, மனச அப்படியே பிழியுதுங்க" என்றாள். "ஆமாங்க, நல்ல குழாய் அது" என்றாய். நான் மரக்கதவுக்குப் பின்னால், சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டியபடி, மூக்கெல்லாம் தூசியோடு நின்று கேட்டேன். ஏணியில் இறங்கி வந்தவள்தான். பத்தொன்பது வருடம் ஆகிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதே மண்டபத்தில், ஜனங்கள் இருக்கும்போது, எழுந்து நின்று சொல். அது குழாய் இல்லை, என் அக்கா என்று சொல். சொல்லிவிட்டு யாரோடு வேண்டுமானாலும் வாசித்துக்கொள்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். வாயால் சொன்னதை மறுநாள் 'நான் எப்ப அப்படிச் சொன்னேன்' என்பாய். எழுது.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் அடித்துவிட்டுப் படி.

ஆறு வருடங்களுக்கு முன்னால் பெரியப்பா இறந்த வீட்டில் என்னிடம் "கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் வார்த்தைகள் இவை. திட்டாக இருந்தாலும் இரண்டு முறை படித்தேன்.

'முதன்முறையாக' என்பதை நான் எழுதவில்லை. அலுவலகத்தில் எழுதினார்கள். அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்டினார்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

அந்தப் பெண் இசைக் கல்லூரியில் சாக்ஸபோன் பேராசிரியை. இந்தக் கச்சேரி அவருடைய யோசனை. இரண்டும் ஒட்டாது என்று நான்தான் மறுத்தேன், நீ சொன்ன காரணத்தையே சொன்னேன். "ஒரு தடவ வாசிச்சுப் பாப்போமே சார்" என்றார். வாசித்தோம். ஒட்டியது. எப்படி என்று எனக்கும் புரியவில்லை.

மேடையில் நின்று சொல் என்கிறாய். அன்று கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேருக்குக் காது இல்லை. அறுபத்தாறு வயதில் எழுந்து நின்று பழங்கதை பேசினால், கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று யாராவது டாக்டரைக் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது வரிசையில் உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். சீட்டு இதோடு இருக்கிறது. வா.

தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழிக்கலாம் என்று எடுத்தேன். மூன்றாவது வரிசை என்று போட்டிருந்தது, எனக்கு முதல் வரிசைகூடத் தரத் தோன்றவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்ததில் கிழிக்க மறந்துபோனேன்.

பேராசிரியை. நல்லது. பட்டம் வாங்கியவள் முன்னால் நிற்பாள், பட்டறைக்காரி பின்னால் நிற்பாள். அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள், உன் வலப்பக்கமா? ஒத்திகை முடிந்ததும் என்ன செய்கிறீர்கள்? நம் காலத்தில் ஒத்திகை முடிந்த நிமிடமே பஸ் போய்விடும் என்று ஓடுவாய். இப்போது பஸ் நிற்கிறது போலிருக்கிறது. உட்கார்ந்து காபி குடிக்கிறீர்கள், இல்லையா? அந்தப் பெண் ஏதாவது சொன்னால் நீ தலையைச் சாய்த்துக் கேட்பாய். எனக்குத் தெரியும். நான் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பாய்.

கடைசியாக எந்தப் பாட்டை வாசிக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துக்கொண்டு பதில் எழுதாதே.

ஒட்டியது என்று எழுதியிருக்கிறாய். பொய். முன்னால் நின்றால் ஒட்டாது. உனக்குக் காது மந்தமாகிவிட்டது, அவளுக்குப் பழக்கம் இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒட்டியதாக நினைத்துக்கொள்கிறீர்கள்.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசிப் பாட்டு, நாம் வழக்கமாக முடிக்கும் அந்த மெதுவான பாட்டுதான். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

இப்போது ஓர் உதவி. நேற்று ஒத்திகையில் நான் பெஞ்சைப் பின்னால் தள்ளி எழுந்தபோது அது பேராசிரியையின் சாக்ஸபோன் நின்ற தாங்கியில் இடித்துவிட்டது. சாக்ஸபோன் படிகளில் உருண்டு கீழே போய் நின்றது. உடம்பு வளைந்திருக்கிறது, துளைகளை மூடும் கீ மூன்று மூடவில்லை, கழுத்துக் குழாயின் நுனியைச் சுற்றிய கார்க் தக்கை கிழிந்துவிட்டது. இங்கே இருக்கும் பழுதுபார்ப்பவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நம்மால ஆகாதுங்க" என்று பெட்டியை மூடினார்.

அப்போது பேராசிரியை உன் கடையைத்தான் சொன்னார். "நாலு மணி நேர ரயில் தூரத்துல ஒரு அம்மா இருக்காங்க சார், அவங்க கை பட்டா புதுசாயிடும்" என்றார். அது யார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடு.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? முதலில் குழாய் என்றாய். இப்போது யாரோ ஓர் அம்மா என்று சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். உனக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அதை எந்தச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாய் என்று தேடிப் பார். இன்னும் இருக்கிறது, படி.

வேலை முடிந்தது. பெட்டியை இரண்டு நாள் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் திறந்தேன், ஏனென்றால் அடிபட்ட கருவி மூடிக் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. உடம்பை நிமிர்த்திவிட்டேன். கீகளுக்கு அடியில் ஏழு தோல் பேட் மாற்றினேன். மூடாத மூன்று கீயும் இப்போது இமை மாதிரி மூடும்.

ஒரு சாக்ஸபோனைப் பிரித்தால் அதை வாசிக்கிறவரின் குணம் தெரிந்துவிடும். இவளுக்கு இடது மோதிர விரல் கனம், அந்தப் பொத்தான் மட்டும் குழிந்திருக்கிறது. அடிச்சுருதிப் பேட்கள் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன, கீழே இறங்கப் பயப்படாதவள். உள்ளே ஈரத்தைத் துடைக்காமல் ஒருநாளும் பெட்டியில் வைத்ததில்லை. பெட்டியின் மூலையில்கூட ஒரு தூசி இல்லை. ஒரு குற்றம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் தேடினேன்.

கடைசியில் கண்டுபிடித்தேன். பழைய கார்க்கில் இருந்த தடத்தைப் பார்த்தால், வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை ரொம்பவும் உள்ளே தள்ளி வாசிக்கிறாள் என்று தெரிகிறது. உங்கள் ஆர்கனின் சுருதி தாழ்வு. அதோடு சேர வேண்டுமென்றால் அரை விரல் நகம் வெளியே இழுத்துச் சுருதியை இறக்க வேண்டும். இதுகூடத் தெரியாமல் என்ன பேராசிரியை! புதிய கார்க்கைச் சரியான இடத்தில் தடிமனாக விட்டிருக்கிறேன். மவுத்பீஸ் அதற்கு மேல் உள்ளே போகாது. அவளிடம் ஒன்றும் சொல்லாதே. தானாகச் சுருதி சேரும். தன் திறமை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

சோதிப்பதற்காக அதில் வாசித்தேன். சோதிக்க நாலு வரி போதும். நான் முழுப் பாட்டையும் வாசித்தேன். என்னுடையதைவிட நல்ல சாக்ஸபோன். என்னுடையதை இன்று தொடவில்லை.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

இந்த முறை 'அன்புள்ள' இல்லை. அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

இன்று ஒத்திகை. முதல் சுரத்திலேயே பேராசிரியை தாழ்ந்து நின்றார், ஆர்கன் மேலே நின்றது. அவர் மவுத்பீஸை உள்ளே தள்ளத் தள்ள அது போகவில்லை. முகமெல்லாம் சிவந்து, "சார், எனக்கு என்னமோ ஆயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார். விளக்குப் போடுகிறவர்கூட நெற்றியைச் சுருக்கினார்.

உன் கடிதம் திட்டில் ஆரம்பித்ததால் மீதியை மடித்து வைத்திருந்தேன். ஒத்திகைக்குப் பிறகுதான் கார்க் விஷயத்தைப் படித்தேன். இந்த ஆர்கனின் குழாய்களை எல்லாம் இறக்கி, சுத்தம் செய்து, மற்றக் கருவிகளோடு சேரும்படி சுருதியை ஏற்றி நாலு வருடம் ஆகிறது. பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. கருவிகளோடு நாள் முழுவதும் பழகுகிறவள் நீ, உனக்குத் தெரியாது என்று என்னை நம்பச் சொல்கிறாயா?

என்மேல் கோபம் என்றால் என்னை அடி. அந்தப் பெண் உனக்கு என்ன செய்தாள்? பொறாமைக்கு ஓர் எல்லை வேண்டாமா?

கார்க்கைத் தேய்த்து மெலிதாக்க அவர் மறுக்கிறார். "அவங்க வச்சத நான் தொட மாட்டேன் சார், ஏதாவது காரணம் இருக்கும்" என்கிறார். உன்னை அவ்வளவு நம்புகிறார். எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

எனக்குத் தெரியாது.

உன் படம் வரும் பக்கத்தை நான் படிப்பதில்லை. பத்தொன்பது வருடமாக அந்தப் பக்கத்தை மேஜையில் விரித்து அதன்மேல் பிசின் உருக்குகிறேன். அந்த அரைப் பக்கத்தின் மேலும் உருக்கியிருப்பேன்.

சுருதியை ஏற்றிவிட்டாய். பதினோரு வருடம் மாதந்தோறும் அந்தச் சுருதிக்குள் நின்றவள் நான். என் காதில் அது இன்னும் இருக்கிறது. மேஜையில் எந்தக் கருவியை வைத்தாலும் அதைத்தான் முதலில் முணுமுணுப்பேன். நீ அதைக் கழற்றி எறிந்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதவில்லை. பேசாமல் இருந்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் ஒருவர் இறந்தால்கூடப் பேசாதவர்களுக்கும் சொல்லியனுப்புவார்கள்.

பொறாமை என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், பொறாமைதான். அவள் நிற்கும் இடத்தின்மேல் பொறாமை, நீ சிரித்த படத்தின்மேல் பொறாமை, அவளுடைய சுத்தமான பெட்டியின்மேல்கூடப் பொறாமை. ஆனால் அது என் நாக்கில் இருக்கும். என் உப்புத்தாளில் இருக்காது. நாற்பத்தைந்து வருடத்தில் என் கை ஒரு கருவிக்கும் துரோகம் செய்ததில்லை. இதை நீ நம்பாவிட்டால் போ.

இருபதாம் தேதி முதல் ரயிலில் வருகிறேன். ஒன்பது மணிக்கு மண்டபத்தில் இருப்பேன். பத்து நிமிட வேலை. வாசலில் இருப்பவரிடம் சொல்லி வை. ஸ்டேஷனுக்கு வராதே. கச்சேரிக்காக வருகிறேன் என்று நினைக்காதே, கார்க்குக்காக வருகிறேன்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கே போனாய்?

நீ வந்தாய். என்னைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டவில்லை. மேடைப் படியில் உட்கார்ந்து கழுத்துக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தாய். பேராசிரியை உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறை மாட்டிப் பார்த்தாய், மூன்றாம் முறை, "ஊதும்மா" என்றாய். ஊதினார், சேர்ந்தது. கடைசிப் பாட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததை ஆர்கனின் கண்ணாடியில் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் நீ எழுந்து வந்து அவரிடம் ஏதோ கேட்டாய். நான் சட்டை மாற்றப் போனேன். அவ்வளவுதான் நான் உன்னைப் பார்த்தது.

கச்சேரியில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் நான் எழுந்து நின்றேன். நாற்பது வருடத்தில் அந்த மண்டபத்து மேடையில் நான் வாய் திறந்து பேசியதில்லை. என்ன சொல்வது என்று எழுதி வைத்திருந்த தாள் கையிலேயே ஈரமாகிவிட்டது.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இந்த ஆர்கன்ல ஒரு குழாய் கேட்டு உருகினீங்களே, அது குழாய் இல்லீங்க. எங்க அக்கா. பதினோரு வருஷம் மேல நின்னு சாக்ஸபோன் ஊதினாங்க. குழாய்னு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் சத்தமாக, "அதானே பாத்தேன்! குழாய் எங்கயாவது மூச்சு வாங்குமா?" என்றார். மண்டபமே சிரித்தது. நான் மூன்றாவது வரிசையைக் காட்டினேன். எல்லாரும் திரும்பினார்கள். காலி நாற்காலி. அதற்கே கை தட்டினார்கள், அக்கா. வெகு நேரம் தட்டினார்கள்.

ஏன் அன்று பொய் சொன்னேன் என்று நீ ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்காமலேயே எழுதுகிறேன். பதினோரு வருடமும் கச்சேரி முடிந்து வருகிறவர்கள் அந்தக் குழாயைத்தான் கேட்பார்கள். என் கையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு மாதமும் நோட்டீஸில் உன் பெயரை எழுதுவேன், அனுப்பும் முன் அடித்துவிடுவேன். பெயர் தெரிந்துவிட்டால் பிறகு என்னை யார் பார்ப்பார்கள்? குழாய் என்றால் அது ஆர்கனைச் சேர்ந்தது, ஆர்கன் என்னைச் சேர்ந்தது.

பொறாமை என்ற வார்த்தையை உனக்கு எழுதியபோது அது எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

எழுது. எங்கே போனாய் என்றாவது எழுது.

தம்பி


மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

போட்டுவிட்டேன். திரும்ப அதைப் பற்றிப் பேசாதே.

பத்தே முக்கால் ரயிலில் வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். உன்மேல் உள்ள கோபத்தால் இல்லை.

அந்தப் பாட்டை அவள் ஓட்டிப் பார்த்தபோது மூன்றாவது வரிசையிலிருந்து கேட்டேன். ஒட்டியது. மேடையில், உன் வலப்பக்கத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் நின்று ஊதுகிறாள், அது குழாய்களோடு ஒன்றாக இறங்கி என் மடியில் விழுகிறது. ஒரு முடி அளவுகூட முந்தவில்லை. எழுந்து போய், எப்படி என்று கேட்டேன். கேட்டதற்கே எனக்கு நாக்குக் கசந்தது.

"காத நம்பக் கூடாதும்மா. குழாய் லேட்டாத்தான் வரும். நான் உங்க... சாரோட தோளப் பாப்பேன். அது இறங்கி ஒரு மூச்சு விட்டு ஊதுவேன்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு மூச்சு. பதினோரு வருடம் நான் அந்தத் தூசியில் நின்றிருக்கத் தேவையே இல்லை. முன்னால் ஒட்டாது என்று தீர்மானித்தவள் நான். இரண்டே ஞாயிறு முயன்று பார்த்துவிட்டுத் தீர்மானித்தேன். என் பேச்சுக்கு மேல் பேச்சில்லை என்று உன்னையும் நம்ப வைத்தேன். நீ என்னை ஒளித்து வைத்தாய் என்று பத்தொன்பது வருடம் திட்டினேன். ஏணியில் ஏறிப் போனது என் காலில்தான்.

இதை வைத்துக்கொண்டு உன் தப்புச் சிறிதாகிவிட்டது என்று நினைக்காதே. நீ நோட்டீஸில் பெயரை அடித்தது அடித்ததுதான். 'ஆமாங்க' என்றது என்றதுதான். நான் மறக்க மாட்டேன்.

அவள் 'உங்க தம்பி' என்று சொல்ல வந்து 'உங்க' என்பதோடு நிறுத்தினாள். அவளிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். எப்போது சொன்னாய்? எனக்கு முன்னால் அவளிடம் சொன்னாயா? அதையும் எழுது.

நன்றாக வாசிக்கிறாள். என்னைவிட நன்றாக வாசிக்கிறாள். இதைப் படித்துவிட்டு அவளிடம் காட்டாதே.

நீ மேடையில் பேசியது செல்லாது. காலி நாற்காலியிடம் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஜூன் முதல் ஞாயிறு வருகிறேன். எனக்கு முதல் வரிசை. எழுந்து நின்று அதே வார்த்தைகளைச் சொல். கூட்டாதே, குறைக்காதே. அந்தக் கிழவரையும் வரச்சொல், அவர் சொன்னதை நான் கேட்க வேண்டும்.

பிறகு நான் மேடைக்கு வருவேன். மெதுவான பாட்டு ஒன்றுதான். என் மூச்சு முன்போல் இல்லை, அதனால் அதை நீ இழுத்து வாசிக்காதே. உன் வலப்பக்கம் நிற்பேன். உன்னைப் பார்த்து நான் ஒருமுறையும் வாசித்ததில்லை, அதனால் தோளை ஒழுங்காக அசை.

அவளும் வரட்டும். எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். ஆனால் சாக்ஸபோனை வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்.

அக்கா